நனையக் கூடாத வளையம்

நோய் வந்தவர்கள் மருத்துவமனைக்கு ஓடி வருவார்கள். எங்கள் மருத்துவமனைக்கே பயம் வந்தபோது அது ஓடிப்போய் நின்ற இடம் இரண்டாம் மாடிக் கூட்ட அறை. அங்கேதான் அதிர்வு அய்யா எழுந்தருளியிருந்தார்.

வரிசை மாடிப்படியில் இறங்கி, எக்ஸ்ரே அறையைச் சுற்றி, மருந்து கொடுக்கும் ஜன்னல் வரை நீண்டிருந்தது. நர்ஸ்கள், ரத்தம் எடுப்பவர்கள், ஸ்ட்ரெச்சர் தள்ளுபவர்கள், இரண்டு டாக்டர்கள். டாக்டர்கள் மட்டும் தற்செயலாக அந்தப் பக்கம் வந்தவர்கள் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு அரை மணி நேரம் தற்செயலாக நின்றார்கள். நானும் நின்றேன். அறுவை வார்டில் காயங்களுக்குக் கட்டுப் போடுவது என் வேலை. கிருமி என்றால் என்ன என்று பரீட்சையில் எழுதித் தேறியவன். எழுதியதைப் பரீட்சை அறையிலேயே விட்டுவிட்டு வந்தவன் என்றும் சொல்லலாம்.

பயத்துக்குக் காரணம் இருந்தது. வார்டில் இரண்டு பேருக்குக் காயம் சீழ் பிடித்திருந்தது. நர்ஸ்கள் இரண்டு பேர் காய்ச்சலில் படுத்துவிட்டார்கள். அடுத்து யாரோ என்று எல்லோரும் தொண்டையைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில்தான் அய்யா வந்தார், மடிப்புக் கலையாத வெள்ளைக் கோட்டில். டாக்டர் இல்லை. கோட்டுக்குப் படிப்பு கேட்கும் வழக்கம் எந்தக் கடையிலும் இல்லையே.

அவர் கையில் ஒரு கறுப்புப் பெட்டி. கூட்டத்தில் ஒருவரை அழைத்து அவர் கையருகே பெட்டியைக் கொண்டு போவார். பெட்டி 'கீ கீ' என்று அலறும். "பாருங்க, கிருமி." பிறகு அந்த மணிக்கட்டில் ஒரு செம்பு வளையத்தை மாட்டுவார். பெட்டி கப்சிப். "ஓடிப்போச்சு. மூணடி தூரத்துக்கு அதிர்வு. உள்ள வர எந்தக் கிருமிக்கும் தைரியம் கிடையாது."

நிபந்தனை இரண்டே இரண்டு. வளையத்தைக் கழற்றக் கூடாது. தண்ணீர் படக் கூடாது.

"அப்போ கை கழுவறது?" என்று தலைமை நர்ஸ் கேட்டார்.

"எதுக்கும்மா கழுவணும்? கிருமிதான் கிட்டவே வராதே."

கூட்டம் சொக்கிப் போனது. ஒரு நாளைக்கு அறுபது தடவை கழுவிக் கழுவித் தோல் வெடித்துப் போன கைகள் அவை. அன்று எங்களுக்கு மருந்து தேவைப்படவில்லை. கழுவாமல் இருக்க ஒரு கௌரவமான காரணம் தேவைப்பட்டது. அதைத்தான் அவர் விற்றார். நான் இரண்டு வாங்கினேன், கைக்கு ஒன்று. எனக்கு அறிவு குறைந்தாலும் முன்னெச்சரிக்கை குறையாது.

அதற்குப் பிறகு என் வேலை பறந்தது. காலையில் ஒரு ஜோடி கையுறை போடுவேன். முதல் கட்டிலில் தொடங்கி பன்னிரண்டாவது கட்டில் வரை அதே ஜோடிதான். முன்பெல்லாம் ஆளுக்கு ஆள் மாற்றி, இடையில் கழுவி, மதியம் ஆகிவிடும். இப்போது பத்து மணிக்கே டீ.

நான்காவது கட்டிலில் ஒரு பஸ் டிரைவர். வலது காலில் அறுவை செய்து, காயம் அழகாக ஆறிக்கொண்டு வந்தது. நான் பறக்க ஆரம்பித்த ஆறாம் நாள் கட்டைப் பிரித்தால் வாடை. எட்டாம் நாள் பச்சையாகச் சீழ். பெரிய டாக்டர் பார்த்தார், மூக்கைச் சுருக்கினார். "ஒரு வாரம் பார்க்கலாம். குறையலன்னா முழங்காலுக்குக் கீழ எடுத்துட வேண்டியதுதான்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

டிரைவர் நெடுநேரம் தன் பாதத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பிரேக் மிதிக்கிற கால் தம்பி இது."

"கவலைப்படாதீங்க அண்ணே, நான் இருக்கேன்ல" என்றேன். வேண்டுமானால் சிரித்துக்கொள்ளுங்கள். எனக்கு இப்போதும் சிரிப்பு வரவில்லை.

மறுநாள் சோப்பு அக்கா வந்தார். மருத்துவமனைக்குள் தொற்று பரவாமல் பார்த்துக்கொள்ளும் நர்ஸ் அவர். அவர் பேச்சு சோப்பில் தொடங்கி சோப்பில்தான் முடியும் என்பதால், அவரைக் கண்டாலே ஆட்கள் படிக்கட்டு வழியாக இறங்கிவிடுவார்கள். நான் மாட்டிக்கொண்டேன்.

"கையில என்னடா தம்பி, ரெண்டு பக்கமும் விலங்கு?"

"அதிர்வு வளையம்க்கா."

"கழட்டு."

"கழட்டக் கூடாதுக்கா."

"உன் கையைத்தான் கழட்டணுமா?"

கழற்றினேன். அடியில் மணிக்கட்டைச் சுற்றி அழுக்கு ஒரு கோடு கிழித்திருந்தது. அக்கா பஞ்சு சுற்றிய குச்சியால் அந்தக் கோட்டைத் தடவி ஒரு சோதனைக் குழாயில் போட்டார். வளையத்தின் உள்பக்கத்தைத் தடவி இன்னொரு குழாயில் போட்டார். டிரைவரின் சீழ் மூன்றாவது குழாயில். ஆய்வகத்துக்கு அனுப்பிவிட்டு, "இரண்டு நாள்ல பேசுவோம்" என்று கிளம்பினார். சோப்பைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதுதான் எனக்குக் கலக்கமாக இருந்தது.

இரண்டு நாளில் முடிவு வந்தது. மூன்று குழாயிலும் ஒரே கிருமி. ஏற்கெனவே சீழ் பிடித்திருந்த முதல் கட்டில்காரரின் பழைய சோதனையிலும் அதேதான். மூன்றடி தூரத்தில் நடுங்கி நிற்க வேண்டிய கிருமி, என் வளையத்துக்கு அடியில் குடும்பம் நடத்திக்கொண்டிருந்தது.

"ஒண்ணாம் கட்டில்ல இருந்து நாலாம் கட்டிலுக்கு அது நடந்து போயிருக்காது இல்ல?" என்றார் அக்கா.

"நானாக்கா?"

"நீதான்டா."

பக்கத்தில் இருந்த ஸ்டூலை இழுத்தேன். அக்கா விடவில்லை. "அழறதை அப்புறம் வச்சுக்கலாம். கூட்ட அறைக்கு வா. இன்னைக்கும் அந்த ஆள் வந்திருக்கான்."

அறை நிரம்பி வழிந்தது. அக்கா நேராக மேடைக்குப் போய் வணக்கம் வைத்தார். "அய்யா, எங்க ஆளுங்க கொஞ்சம் சந்தேகப் பேர்வழிங்க. ஒரே ஒரு சோதனை. கட்டிலைச் சுத்திப் போடற திரையை இங்க கட்டறேன். அஞ்சு கை வெளிய வரும். எல்லாம் நீளக் கை கவுனும் கையுறையும் போட்டிருக்கும். எதுல உங்க வளையம் இருக்குன்னு பெட்டி சொல்லட்டும்."

அய்யாவுக்கு வேறு வழியில்லை. கூட்டம் கைதட்டிக்கொண்டிருந்தது.

முதல் கையருகே பெட்டி அலறியது. "வளையம் இல்ல" என்றார். திரை விலகியது. தலைமை நர்ஸ், வளையத்தோடு. இரண்டாவது கை: கப்சிப். "வளையம் இருக்கு." அது லிஃப்ட் ஓட்டுபவர், வெறும் மணிக்கட்டு. மூன்றாவது சரியாக இருந்தது. நான்காவது மறுபடி தப்பு. ஐந்தாவது கை வந்ததும் அய்யா நிதானித்தார். கண்ணை மூடிக்கொண்டு நெடுநேரம் பெட்டியைப் பிடித்தார். அது விட்டு விட்டு அலறியது.

"இந்தப் பொண்ணுக்கு மனசுல பயம் அதிகம். தூக்கமே இல்ல. இவங்களுக்கு ஒரு வளையம் பத்தாது."

திரை விலகியது. நர்ஸிங் மாணவிகள் ஊசி போட்டுப் பழகும் ரப்பர் கை, ஒரு ஸ்டாண்டில் நின்றுகொண்டிருந்தது. பத்து வருடமாகக் குத்து வாங்குகிறது. தூக்கம் இல்லாமல் இருக்கலாம்தான்.

சிரிப்பு அடங்க நேரமாயிற்று. அய்யா அசரவில்லை. "சந்தேகப்படறவங்க பக்கத்துல இருந்தா அதிர்வு வேலை செய்யாது."

"என்னைப் பார்த்தே படுத்துடுதுன்னா, கிருமி கிட்ட என்ன சண்டை போடும்? பேசாம என்னையே மணிக்கட்டுல கட்டிக்கச் சொல்லுங்க" என்றார் அக்கா. பிறகு மூடியிருந்த ஒரு தட்டைத் திறந்தார். "சரி, பெட்டி வேண்டாம். இது நாலாம் கட்டில்ல காலைல பிரிச்ச கட்டு. சீழோட இருக்கு. உங்க கையிலதான் வளையம் இருக்கே. வெறுங்கையால எடுத்து அந்தப் பையில போடுங்க. போட்டுட்டீங்கன்னா, நாளைல இருந்து நானும் வளையம் மாட்டிக்கறேன்."

அவர் கை நீட்டினால் தட்டைப் பின்னுக்கு இழுத்துவிட அக்கா தயாராகத்தான் இருந்தார். தேவைப்படவில்லை.

அய்யா தட்டைப் பார்த்தார். கூட்டத்தைப் பார்த்தார். மெல்லிய குரலில் கேட்டார்:

"கையுறை இருக்கா?"

கொடுத்தோம். ஒரு ஜோடி போட்டுக்கொண்டார். யோசித்தார். அதன் மேல் இன்னொரு ஜோடி கேட்டு வாங்கினார். இரண்டு விரல் நுனியால் கட்டைத் தூக்கி, முகத்தைத் திருப்பிக்கொண்டு பையில் போட்டார். கையுறைகளை உரித்தார். நேராக மூலையில் இருந்த குழாயடிக்குப் போனார். வளையத்தைக் கழற்றி கோட்டுப் பையில் போட்டுக்கொண்டு, கழுவ ஆரம்பித்தார்.

என்ன அழகாகக் கழுவினார் தெரியுமா? உள்ளங்கை, புறங்கை, விரலிடுக்கு, கட்டைவிரல், நக நுனி, மணிக்கட்டு. ஒரு இடம் விடவில்லை. சோப்பு அக்கா எட்டு வருடமாக எங்களுக்குச் சொல்லிக் கொடுக்க முடியாததை, அந்த ஆள் ஒரு நிமிடத்தில் செய்து காட்டினார். முன்னூறு பேருக்குத் தண்ணீரே படக் கூடாது என்று சொன்னவர்.

கழற்றிய வளையங்கள் மேசை மேல் விழும் சத்தம் கேட்டது. அவர் கை துடைத்துவிட்டுத் திரும்பியபோது வாசலில் காவலாளியும் பெரிய டாக்டரும் நின்றிருந்தார்கள். டாக்டர் முழுக்கைச் சட்டையின் கையை அவசரமாக இழுத்து மணிக்கட்டை மூடிக்கொண்டதை நான் பார்த்தேன். சொல்ல மாட்டேன்.

வார்டுக்குப் போய் டிரைவரிடம் நடந்ததைச் சொன்னேன். அவர் காலுக்குச் சீழைக் கொண்டுவந்தது என் கைதான் என்பதையும் சொன்னேன். அவர் போர்வையை விலக்கிக் கால் கட்டைப் பார்த்தார்.

"ஒரு வண்டியில அறுபது பேர் உட்கார்ந்திருப்பாங்க தம்பி. யாரும் என்னைத் திரும்பிப் பார்க்க மாட்டாங்க, தூங்குவாங்க. அந்த நம்பிக்கைல கண்ணை மூடிட்டு ஓட்டினா நான் மனுஷனா?"

நான் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டேன்.

"போய்க் கழுவிட்டு வா. என் கண்ணு முன்னாடி கழுவு."

கழுவினேன். புதுக் கையுறை போட்டேன், கட்டு மாற்றினேன், கையுறையை எறிந்தேன், மறுபடி கழுவினேன். டாக்டர் கொடுத்த ஒரு வாரக் கெடுவில் மிச்சமிருந்த நாளெல்லாம் அப்படித்தான். கிருமிக்கு ஏற்ற மருந்தையும் மாற்றினார்கள். கெடு முடிந்த அன்று பெரிய டாக்டர் கட்டைப் பிரித்தார். சீழ் வற்றி, காயத்தின் ஓரம் இளஞ்சிவப்பாக இருந்தது. கால் இருக்கட்டும் என்றார். டிரைவர் கட்டிலில் படுத்தபடியே வலது பாதத்தை மெதுவாக அழுத்திப் பார்த்தார்.

மூளைக்கு விடுமுறை கொடுத்துவிட்டு மணிக்கட்டில் எதையாவது மாட்டிக்கொள்ளும் பெருமக்களே, தாராளமாக மாட்டுங்கள். ஆனால் ஒரு நிமிடம் யோசியுங்கள்: விடுமுறை உங்களுக்கு; போவது அடுத்தவன் கால்.