மூன்றாம் பெட்டியின் குரல்

மழை வந்தால் கொடியில் காயும் துணியை அப்படியே விட்டுவிட்டு, கீபோர்டுக்குச் சால்வை போர்த்த ஓடுகிற மனிதர் கண்டியில் ஒருவர்தான் உண்டு. எங்கள் அடுத்த வீட்டு ஸ்ட்ரிங்ஸ் ஐயா. அவருடைய சொந்தப் பெயர் தபால்காரருக்கே மறந்துபோய்விட்டது.

ஒரு கட்டையை அழுத்தினால் ஒரு கூட்டமே வயலின் வாசிப்பதுபோல் முழங்குமே, 'ஸ்ட்ரிங்ஸ்' என்கிற அந்தக் காலத்துக் கீபோர்டுப் பெட்டி, அதுதான் ஐயாவின் பைத்தியம். நாவலப்பிட்டியில் கலைந்துபோன கல்யாண பாண்ட் கோஷ்டியிடம் ஒன்று, கடுகண்ணாவையில் பழைய இரும்புக் கடையில் இரண்டு, வத்தேகமவில் கோழிக்கூட்டுக்கு மேலே ஒன்று என்று தேடிப் பிடித்தார். பஸ்ஸில் ஜன்னலோர சீட் பெட்டிக்கு. ஐயா நின்றுகொண்டே வருவார்.

வாங்கியதோடு விட்டாரா? காலைச் சாப்பாட்டுக்குப் பாண் வாங்கப் போகிற என்னை இழுத்துக் கதிரையில் இருத்திவிடுவார்.

"தம்பி, முதல் வாசிச்சது வெண்ணெய். இது நெய். வித்தியாசம் விளங்குதோ?"

"ரெண்டும் ஒண்ணாத்தாங்க இருக்கு, ஐயா."

"உமக்குக் காதிலை பிழை. டொக்டரிட்டைக் காட்டும்."

இப்படியிருக்க, மகள் பிரசவத்துக்கு வரப்போகிறாள் என்று செய்தி வந்தது. பெட்டிகள் குடியிருந்த அறை அவளுக்கு வேண்டும். ஐயாவின் மனைவி டீச்சரம்மா தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

"ஒண்டை வச்சிருங்கோ. மிச்சம் மூண்டும் வெளியாலை போகவேணும்."

ஐயாவுக்குச் சோறு இறங்கவில்லை. கடைசியில் போட்டி வைத்தார். டீச்சரம்மாவின் சேலையைக் குறுக்கே கட்டி, அதற்குப் பின்னால் நின்று நாலையும் அவர் வாசிப்பது. எது நல்லது என்று நாங்கள் சொல்வது. நடுவர்கள் டீச்சரம்மா, தெருமுனையில் கடை வைத்திருக்கும் நானா, காது பழுதான நான்.

அன்றைக்கென்று பார்த்து அடைமழை. முதல் இரண்டும் முழங்கின. மூன்றாவது, வத்தேகமப் பெட்டி. கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு லேசாக நடுங்கி, கொஞ்சம் சளி பிடித்தாற்போல் எழுந்தது பாருங்கள் ஓர் ஓசை! நானா கண்ணை மூடிக்கொண்டார்.

"மாஷா அல்லாஹ்! இதுல உசிரு ஈக்கி!" பெட்டிக்கு உயிர் இருக்கிறதாம்.

நாலாவதை யாரும் காதில் வாங்கவேயில்லை. மூவரும் மூன்றுக்கே வாக்களித்தோம்.

"மூண்டை இன்னொருக்கா வாசியுங்கோ" என்றார் டீச்சரம்மா.

ஓசை எழுந்தது. நடுவில் அது இருமியது. டீச்சரம்மா சேலையை விலக்கினார். ஐயா இரண்டு கையாலும் பெட்டியைத் துவாயால் துடைத்துக்கொண்டிருக்க, வாய் மட்டும் "ம்ம்ம்ம்" என்று வயலின் வாசித்துக்கொண்டிருந்தது.

நானா சிரித்துச் சிரித்துக் கதிரையோடு சாய்ந்தார். ஐயாவுக்கோ கண் கலங்கிவிட்டது.

"ஈரத்துக்கு ஊமையாப் போச்சுது, பாவம். வாய் திறக்கேலாததைத் தோக்கடிக்க மனம் வரேல்லையப்பா."

டீச்சரம்மா அவரையே பார்த்துக்கொண்டு நின்றார். சிரிப்பை அடக்க அவர் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

"சரி, வெண்டவர் வீட்டிலை இருக்கட்டும். பெட்டி நாலும் போகட்டும்!"

இப்போது இரண்டு பெட்டி நானாவின் அரிசி மூட்டை மேல், இரண்டு என் கட்டிலுக்குக் கீழே. அதே வாய் வயலினால் பேரனைத் தூங்க வைப்பது வென்றவரின் வேலை. அவன் தூங்கியதும் துவாயோடு என் வீட்டுக்கு வந்துவிடுவார், பெட்டிகளைத் துடைக்க.

சத்தியமாகச் சொல்கிறேன், ஊமையைத் தவிர மற்ற மூன்றும் எனக்கு இன்னும் ஒரே சத்தம்தான். ஆனாலும் இரண்டு நாள் அவரைக் காணாவிட்டால், நானே பிளக்கைப் போட்டு ஒரு கட்டையை அழுத்திவிட்டு, வாசலையே பார்த்துக்கொண்டிருப்பேன்.