நூற்றுக்கு எத்தனை முழு அரிசி?

"உங்க மெஷின் நெல்லைக் காய வைக்குதா, கொலை பண்ணுதா? பாதி அரிசி நொறுங்கிக் கிடக்கு!"

"உங்க களத்துல மட்டும் என்ன வாழுதாம்? காக்கா தின்னது போக மிச்சம்தானே மூட்டைக்கு வருது!"

அரிசி ஆலை வாசலில் தினமும் நடக்கிற கச்சேரிதான். முதல் குரல், வெயிலில் நெல் உலர்த்தும் களத்தைக் கவனிக்கிற அம்மாவுடையது. பட்டப்பெயர் களத்து ராணி. இரண்டாவது, சூடான காற்றில் நெல் உலர்த்தும் எந்திரத்தை ஓட்டுகிற அனலாருடையது. இருவருக்கும் நாற்பதை நெருங்கும் வயது. கல்யாணம் ஆகவில்லை. காரணம் தெருவுக்கே தெரியும்: வாய்.

முதலாளி பொறுமையிழந்தார். "ஆளுக்கு மூணு மூட்டை, ஒரே வயல் நெல்லு. நாளைக்குக் காய வைங்க. கரண்ட் செலவையும் பார்ப்போம், அரிசியையும் எண்ணிப் பார்ப்போம். தோத்தவங்க கடையைக் கட்டிக்கலாம்."

எந்திரம் போனால் அனலாருக்கு வேறு பிழைப்புத் தெரியாது.

மறுநாள் கரண்டை மிச்சம் பிடிக்கச் சூட்டைக் குறைத்து ஓட்டினார். இரண்டு மணி நேரம் கழித்து ஒரு நெல்லைக் கடித்தால், ஊறின பருப்புப் போல நசுங்கியது. சூட்டைத் தாறுமாறாக ஏற்றினார். இன்னொன்றை உரித்தால், அரிசியில் மயிரிழை விரிசல்! இன்னும் ஓட்டினால் மொத்தமும் நொறுங்கிக் குருணைதான்.

முதலாளி சாயங்காலம்தான் வருவார் என்ற தைரியத்தில், பதறி எந்திரத்தை நிறுத்தி, மூன்று மூட்டையையும் தானே ஆலையின் மொட்டைமாடிக்குச் சுமந்து, வெயிலில் பரப்பினார். ஆமாம், வெயிலில்! காலால் கிளறுவதும் காக்காய் விரட்டுவதுமாகப் பகல் போயிற்று. நடுவில் ஒரு கருமேகம் எட்டிப் பார்த்துவிட்டுப் போனது. கீழே ஏதோ எந்திரம் ஓடுகிற சத்தம். இறங்கிப் பார்க்கலாம்தான், யாராவது இவரைப் பார்த்துவிட்டால்?

மாலையில் நெல்லை இறக்கிக்கொண்டு வந்தவர் மீட்டரைப் பார்த்தார். எந்திரத்தை நிறுத்தியபோது இருந்ததற்குமேல் ஐம்பது யூனிட் ஏறியிருந்தது! யார் ஓட்டினது? கேட்டால், "அப்ப நீங்க எங்கே இருந்தீங்க?" என்பார்களே.

அரைத்து எண்ணினார்கள். அனலாருடையது நூற்றுக்குத் தொண்ணூற்றொன்று முழு அரிசி. களத்து ராணியுடையது ஐம்பத்தெட்டு. அந்தம்மா சாக்குகளை மடிக்கப் போய்விட்டார். ஆலையே அதிசயித்தது.

"கரண்ட் தின்னா தின்னுட்டுப் போகுது, அரிசி முழுசா வருதே!" என்று முதலாளி களத்தை மூடிவிட்டார்.

அனலாருக்கு உறுத்தல். உண்மையைச் சொல்லிவிட அந்தம்மா வீட்டுக்குப் போனார், சொல்ல வரவில்லை. மறுநாளும் போனார். அந்தம்மாவும் எதையோ சொல்ல வாயெடுத்து, "டீ குடிங்க" என்று முடித்தார். மூன்று மாதம் இப்படி டீ குடித்தால் என்ன ஆகும்? கல்யாணம் ஆயிற்று. களமும் எந்திரமும் சேர்ந்தே இருக்கிற வெளியூர் ஆலையில் இருவருக்கும் வேலையும் கிடைத்தது.

சாமான்களை லாரியில் ஏற்றிய அன்று, ஆலையில் மூட்டை தூக்குபவரை அனலார் ஓரமாக இழுத்துக்கொண்டு போனார்.

"அண்ணே, இது தெரியாம ஊரைவிட்டுப் போனா எனக்குச் சோறு இறங்காது. அன்னிக்கு என் மெஷினை யாருண்ணே ஓட்டினது?"

"உங்க சம்சாரம்தான். மேகத்தைப் பார்த்து அவங்க பயந்துட்டாங்க, நான்தான் அவங்க மூட்டையைத் தூக்கிட்டு வந்து உங்க மெஷின்ல கொட்டினேன். நீங்க ஏத்தி வச்ச சூட்டைக் குறைக்க அவங்களுக்குத் தெரியலை, அரிசி நொறுங்கிடுச்சு. தோத்தது களமில்லய்யா, உங்க மெஷின்தான்!"