அமைதிப்படுத்த வந்தவர்

அமைதிப்படுத்துகிறவர் என்றோர் இனம் உண்டு. உங்கள் தெருவிலும் ஒருவர் இருப்பார். ஆங்கிலத்தில் 'க்வைட்டன்' என்றொரு வினைச்சொல் இருக்கிறதே, அமைதியாக்குவது என்று பொருள், அந்தச் சொல்லுக்குக் கைகால் முளைத்தவர். யாரை அமைதியாக்குவது என்று அகராதி சொல்வதில்லை. இவருக்குத் தெரியும். தன்னைத் தவிர எல்லாரையும்.

தூங்குகிற குழந்தையை எழுப்பிவிடாதீர்கள் என்று கத்தி அதை எழுப்புவார். ரேஷன் கடை வரிசையில் யாரும் பேசாதபோது "சத்தம் போடாதீங்கப்பா" என்பார். இரண்டு பேர் சண்டை போட்டால் நடுவில் புகுந்து, அவர்கள் சமாதானமாகி டீ குடிக்கப் போன பிறகும் தனியாக நின்று சமாதானம் பேசிக்கொண்டிருப்பார். இவருடைய தொண்டை மட்டும் கட்டுவதே இல்லை. ஏன்?

ஆரப்பாளையத்தில் எங்கள் தெரு சிவபாண்டி அண்ணனைச் சொல்கிறேன். பக்கத்து வீட்டு ஆண்டிச்சாமி இறந்த அன்று, பந்தல் போடுவதற்கு முன்பே வந்து நின்றுவிட்டார்.

ஆண்டிச்சாமியின் மனைவி சோணையம்மாள் காலையிலிருந்து ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். மகள் தமிழ்வாணிக்கு அதுதான் பயம்.

"தூக்குறதுக்குள்ள அம்மா அழுதுரணும் அத்தை. இப்பிடியே இருந்தா அதுக்கு ஏதாச்சும் ஆயிரும்."

அந்த அத்தை, டி. கல்லுப்பட்டியிலிருந்து வந்த சோணையம்மாளின் நாத்தனார், அதற்காகவே ஓடிப்போய்ச் சோணையம்மாளின் கழுத்தைக் கட்டிக்கொண்டு குரலெடுத்தார். சோணையம்மாளின் உதடு துடித்தது. அவ்வளவுதான், சிவபாண்டி அண்ணன் பாய்ந்துவிட்டார்.

"ஏம்மா, பிரிங்க, பிரிங்க! அமைதி! அவங்களே தாங்கிக்கிட்டு இருக்காங்க!"

பிரித்துவிட்டார். உதடு மறுபடி கல்லானது. அடுத்து வந்து கட்டிக்கொண்ட ஆண்டிச்சாமியின் கொழுந்தியாளையும் பிரித்தார். கொட்டுக்காரர்களை நிறுத்தச் சொன்னார். எதற்கு? எல்லாரும் அமைதியாக இருக்க வேண்டும் என்று அறிவிப்பதற்கு.

பாடைத் தேர் கட்டி முடிந்தது. தமிழ்வாணி அம்மாவின் காலைப் பிடித்துக்கொண்டாள். "அழுதுரும்மா!"

"யாரும் அழக் கூடாது!" என்றார் அண்ணன். "சும்மா இருங்க!"

சோணையம்மாள் மெல்லத் திரும்பினார்.

"ஏப்பா சிவபாண்டி, முப்பத்தாறு வருசமா நான் வாயத் தொறந்தாலே அந்த மனுசன் 'சும்மா இரு'ன்னாரு. இன்னைக்கு அவரே சும்மா கெடக்காரு. மிச்சத்த நீ சொல்ல வந்தியாக்கும்?"

கூட்டத்தில் யாரோ சிரித்துவிட்டார்கள். சோணையம்மாளுக்கும் சிரிப்பு வந்தது. வந்த சிரிப்பு பாதியில் உடைந்து, "எய்யா, இனி என்னை யாரு அதட்டுவா" என்று பெரிய அழுகையாகப் புறப்பட்டது. தமிழ்வாணி மூச்சு விட்டாள்.

அண்ணன் நான்கு நொடி மௌனமாக நின்றார். எனக்குத் தெரிந்து அதுதான் அவருடைய சாதனை. பிறகு கூட்டத்தை நோக்கிக் கையை உயர்த்தினார்.

"அவங்க அழுகுறாங்கள்ல, எல்லாரும் அமைதியா இருங்க!"

நீங்களும் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் இதைப் படிக்கும்போது பக்கத்தில் வந்து ஏதோ சொல்ல வாயெடுத்தவரை நிமிர்ந்துகூடப் பார்க்காமல் கையைக் காட்டி நிறுத்தினீர்களே, அவர் என்ன சொல்ல வந்தார்?