வேப்பனப்பள்ளி வீட்டின் மட்டம் குறித்து

ஓசூர்,
ஆனி 2, திங்கட்கிழமை.

மதிப்பும் மரியாதையும் மிகுந்த வேப்பனப்பள்ளி திரு. தீர்த்தகிரி அவர்களுக்கு, ஓசூரிலிருந்து முனிரத்தினம் கைகூப்பி எழுதுவது. இங்கே நானும் என் மனைவி சுகுணாவும் மகள் சரிதாவும் உடம்பளவில் சௌக்கியம். அங்கே தாங்களும், தங்கள் துணைவியார் சரோஜம்மாள் அவர்களும், மாப்பிள்ளை (இதை எழுதிவிட்டு அடித்திருக்கிறேன், மன்னிக்கவும்), தங்கள் மகன் சுரேந்தரும், மாந்தோப்பும், புது வீடும் குறைவில்லாமல் இருக்க முனீஸ்வரனை வேண்டிக்கொள்கிறேன். புது வீட்டுக்காகக் கூடுதலாகவே வேண்டிக்கொள்கிறேன்.

பன்னிரண்டு நாளாகத் தாங்கள் என் போனை எடுக்கவில்லை. வாட்ஸ்அப்பில் தினமும் அனுப்பிய காலை வணக்கம் பன்னிரண்டையும் பார்த்திருக்கிறீர்கள் என்பது நீலக் குறியில் தெரிகிறது. ஒன்றுக்கும் பதில் இல்லை. ஆகவேதான் பதிவுத் தபால். தபால்காரர் கையெழுத்து வாங்காமல் போகமாட்டார், கையெழுத்துப் போட்டுவிட்டுப் படிக்காமல் இருக்கத் தங்களுக்கும் மனம் வராது என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன். ஆடி பிறக்க ஒரு மாதம்தான் இருக்கிறது. அதற்குள் தாம்பூலம் மாற்றாவிட்டால் பேச்சு ஆவணிக்குத் தள்ளிப்போகும், தள்ளிப்போன பேச்சு என்ன ஆகும் என்று எனக்கும் தெரியும், தங்களுக்கும் தெரியும். என் மகள் வாழ்க்கை என் சட்டைப்பையில் இருந்த ஒரு சாக்பீஸால் நின்றுபோயிற்று என்று நாளைக்கு யாரும் சொல்லக்கூடாது.

நடந்ததை முறையாக, ஆரம்பத்திலிருந்து சொல்லிவிடுகிறேன். நான் சிப்காட்டில் ஒரு கம்பெனியில் முப்பத்தொரு வருடம் இன்ஸ்பெக்‌ஷனில் இருந்தவன். ரிட்டயர் ஆன பிறகு வீட்டில் சும்மா இருக்க முடியாமல் (சுகுணா சொல்வதென்றால், வீட்டில் இருப்பவர்களைச் சும்மா இருக்க விடாமல்) பேகேபள்ளிப் பக்கம் ஒரு சின்ன யூனிட்டில் அரைநாள் வேலைக்குப் போகிறேன். அங்கே செய்வது கேமரா ஸ்டாண்டின் உச்சியில் பொருத்துகிற தலை. சாதாரண ஸ்டாண்டு என்றால் மேடுபள்ளத் தரையில் ஒவ்வொரு காலாக ஏற்றி இறக்கி உயிர் போய்விடும். இதில் அந்தத் தொல்லை இல்லை. தலைக்கு அடியில் கிண்ணம் மாதிரி ஒரு குழி, அதற்குள் தலை எந்தப் பக்கமும் சாயும். கைப்பிடியைத் தளர்த்தி, மேலே பதித்திருக்கும் ரசமட்டத்தில் குமிழி வட்டத்துக்குள் வந்ததும் இறுக்கினால் முடிந்தது. ஒரு கால் கல்லிலும் ஒரு கால் மண்ணிலும் ஒரு கால் சாணியிலும் இருந்தாலும் கேமரா மட்டமாக நிற்கும். பக்கத்தில் ஒரு நெம்பு, அதைத் தட்டினால் டக்கென்று கேமரா கையோடு வந்துவிடும், வைத்தால் டக்கென்று உட்கார்ந்துவிடும். ஒரு நாளைக்கு நாற்பது தலை என் கையால் பார்த்து அனுப்புகிறேன். நான் பார்த்து அனுப்பிய ஒரு தலையும் இதுவரை திரும்பி வந்ததில்லை. இந்தப் பெருமைதான் என்னைக் கெடுத்தது.

தங்கள் கிரகப்பிரவேசத்துக்கு வரும்போது அதில் ஒன்றை மஞ்சள் பையில் போட்டுக் கொண்டுவந்தேன். பெண்ணின் அப்பா இந்த வயதிலும் வேலை பார்க்கிறார் என்று தாங்கள் நாலு பேரிடம் சொல்லட்டுமே என்ற ஆசை. வந்த இடத்தில், கிருஷ்ணகிரியிலிருந்து தாங்கள் வரவழைத்த போட்டோகிராபர் ஹரீஷ்குமார் வாசலில் புதிதாகக் கொட்டிய மண்ணில் ஸ்டாண்டை நிறுத்த முடியாமல் ஒரு காலுக்குச் செங்கல்லும் ஒரு காலுக்குத் தேங்காய் மூடியும் முட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தார். முப்பது பேர் குடும்பப் படத்துக்காக வெயிலில் நிற்கிறார்கள், தங்கள் பெரியம்மாவுக்கு ஹோமப் புகையில் கண் எரிகிறது, பந்தியில் இலை போட்டாயிற்று. பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியுமா? நான் போய் அவருடைய தலையைக் கழற்றி நம்முடைய தலையைப் பொருத்தினேன். குமிழி வட்டத்துக்குள் வந்தது. இறுக்கினேன். கேமராவை வைத்தேன், டக்.

ஹரீஷ்குமார் திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி திரையைப் பார்த்தார்.

“சார், உங்க ஐட்டத்துல எதோ மிஸ்டேக் இருக்குது சார். ஊடு ஒரு பக்கம் எறங்கிக்கினு காட்டுது.”

“அதுல மிஸ்டேக் இருக்காது தம்பி. நான் பாத்த பீசு.”

“அப்ப ஊட்லயா சார் மிஸ்டேக்கு?”

அந்தப் பையன் விளையாட்டாகத்தான் கேட்டான். நான் வினையாக எடுத்துக்கொண்டேன். கேமராவைத் தட்டிக் கழற்றி அவன் கையில் கொடுத்துவிட்டு, தலையை மட்டும் எடுத்துக்கொண்டு போய்த் தாழ்வாரத் தரையில் வைத்தேன். குமிழி வட்டத்தை விட்டு ஓடியது. நடுக்கூடத்தில் வைத்தேன், அங்கேயும் ஓடியது. இடம் மாற்றி மாற்றி ஏழு இடத்தில் வைத்தேன். ஏழிலும் ஓடியது. இருபதடிக்கு ஒன்றரை அங்குலம் என்று மனதுக்குள் கணக்கு வந்துவிட்டது. அதற்குப் பிறகு நடந்ததை நான் செய்யவில்லை, என் கை செய்தது. முப்பத்தொரு வருடமாகப் பேனாவுக்குப் பக்கத்தில் சிவப்புச் சாக்பீஸ் வைத்திருப்பவன் நான். பீஸ் சரியில்லை என்றால் இன்ஸ்பெக்‌ஷனில் யோசிக்கக்கூடாது, உடனே பெருக்கல் குறி போட்டு ஒதுக்க வேண்டும், யோசித்துக்கொண்டு நின்றால் அது நல்ல பீஸ்களோடு கலந்து கஸ்டமர் வீடு வரைக்கும் போய்விடும். பழக்கதோஷத்தில், மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்து மாவிலை கட்டியிருந்த தங்கள் புது வாசல் நிலையில், ஒரு ஜாண் அளவுக்குச் சிவப்பாகப் பெருக்கல் குறி போட்டுவிட்டேன்.

முதலில் யாருக்கும் புரியவில்லை என்பதைச் சொல்ல வேண்டும். தங்கள் பெரியம்மா அதையும் குங்குமம் என்று நினைத்துத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அவருக்குப் பின்னால் வந்த இரண்டு அம்மாக்களும் ஒற்றிக்கொண்டார்கள். அத்தோடு நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் இன்று தாங்களும் நானும் பத்திரிகை அடிக்கக் கிருஷ்ணகிரியில் அலைந்துகொண்டிருப்போம். தாங்கள் வந்து, “என்னாங்க இது?” என்று கேட்டீர்கள்.

“ரிஜக்ட்டுங்க,” என்றேன்.

“எதுங்க?”

“வீடுங்க.”

சாம்பார் வாளியோடு போய்க்கொண்டிருந்தவர் அப்படியே நின்றுவிட்டார். தாங்கள் போர்த்திய பட்டுத்துண்டோடு உட்கார்ந்திருந்த ஆஞ்சப்பன் மேஸ்திரிதான் முதலில் எழுந்தார். அவர் சொன்ன ஒவ்வொரு வார்த்தையும் எனக்கு நினைவிருக்கிறது.

“சார், பேக்டரில நட்டு போல்ட்டு பாக்கறது வேற, ஊடு வேற. வடகெழக்கு ஈசானியம் எறங்கி இருக்கணும், தென்மேக்கு கன்னிமூலை ஏறி இருக்கணும். அதான் வாஸ்து. தண்ணியும் லச்சுமியும் ஈசானியத்துக்குத்தான் போவணும்னு வேணும்னே ஒண்ணரை இஞ்சு வாட்டம் உட்டு கட்டியிருக்கறன். ரசமட்டத்துக்கு ஊடு கட்டுனா மனுசன் குடியிருப்பானா சார்?”

கூட்டம் முழுக்கத் தலையாட்டியது. ஐயரும் ஆட்டினார். வெட்கத்தில் நானும் ஆட்டினேன். துடைக்கலாமே என்று தோள் துண்டால் நிலையைத் தேய்த்தேன், பெருக்கல் குறி போய் உள்ளங்கை அகலத்துக்குச் சிவப்புத் திட்டாக ஆயிற்று. தாங்கள் அப்போதும் சத்தம் போடவில்லை. “பொண்ணு ஊட்டுக்காரங்க சாப்ட்டு, மாம்பழம் வாங்கிக்கினு கெளம்பட்டும்” என்று யாரிடமோ சொல்வது மாதிரிச் சொன்னீர்கள். ஒரு கூடை செந்தூரா வண்டியில் ஏறியது. தாம்பூலம் மாற்றத் தட்டில் வைத்திருந்த வெற்றிலை பாக்கு மட்டும் உள்ளே போய்விட்டது. அந்தக் கோபத்திலும் பழுக்காத பழம் ஒன்றுகூடக் கூடையில் இல்லை என்பதை இங்கே நன்றியோடு குறிப்பிடுகிறேன்.

திரும்பி வரும்போது கிருஷ்ணகிரியில் வண்டி டீக்கு நின்றபோது, “உங்களுக்கு என்னைக்காவது எதாவது சரியா இருந்திருக்குதா?” என்று சுகுணா ஒரே ஒரு கேள்வி கேட்டாள். வீட்டுக்கு வந்த பிறகு, நம் வீட்டிலும் பார்த்துவிடுவோம் என்று தலையை எடுத்து அறை அறையாக வைத்தேன். எல்லா அறையும் சுத்த மட்டம். முப்பது வருடமாக அதைச் சொல்லிப் பெருமைப்பட்டவன், அன்றைக்கு முதல்முறையாகப் பயந்துபோனேன். ஈசானியம் இறங்காத வீட்டில்தான் இத்தனை நாள் குடியிருந்தோமா, அதனால்தான் இப்படியெல்லாம் நடக்கிறதா என்று தோன்றிவிட்டது. சுகுணாவிடம் கேட்டதற்கு, “வீட்டுல ஒண்ணும் கொறை இல்ல” என்றாள், அழுத்தம் எங்கே விழுந்தது என்பதைத் தாங்களே ஊகித்துக்கொள்ளலாம்.

சரிதாவும் தங்கள் மகனும் மூன்று வருடமாக ஒரே கம்பெனி பஸ்ஸில் போய்வருகிறவர்கள், அதில் வளர்ந்த பழக்கத்தைத்தானே நாம் இரு வீட்டிலும் பேசிப் பெரியவர்கள் சம்மதத்தோடு செய்யலாம் என்று வந்தோம். இப்போதும் அதே பஸ்ஸில்தான் போகிறாள். பேசிக்கொள்கிறார்களா என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. நாலாம் நாள் செந்தூராவை அறுத்து அவளுக்கு ஒரு தட்டில் வைத்துக் கொடுத்தேன். தட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, “நீங்க அந்த நெலையில போட்ட குறி எம்மேல போட்ட மாதிரி இருக்குதுப்பா” என்றாள். முப்பத்தொரு வருடத்தில் எத்தனையோ பீஸை ஒதுக்கியிருக்கிறேன், ஒன்றுகூடத் திரும்பிப் பேசியதில்லை.

ஆகவே இப்போது முழு மனதோடு எழுதுகிறேன். வீட்டின் மேல் நான் போட்ட ரிஜக்ட்டை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். டிராயிங்கைப் பார்க்காமல் பீஸை ஒதுக்குகிறவன் இன்ஸ்பெக்டரே அல்ல. வீட்டுக்கு டிராயிங் வாஸ்து. அதில் வாட்டம் கேட்டிருந்தால் வாட்டம் குறை ஆகாது, அதுதான் அளவு. ஆஞ்சப்பன் மேஸ்திரி அளவு தவறாமல் கட்டியிருக்கிறார், அவரைப் போல வேலைக்காரர் எங்கள் யூனிட்டில் இரண்டு பேர் இருந்தால் எனக்கு வேலையே இருக்காது. நிலைக்குப் புது பாலிஷ் என் செலவு. கல்யாணத்துக்குத் தலையும் கொண்டுவர மாட்டேன், சாக்பீஸும் கொண்டுவர மாட்டேன், சுகுணா வாசலிலேயே பையைச் சோதித்துத்தான் உள்ளே விடுவாள். ஹரீஷ்குமார் தம்பி என்னையும் சேர்த்து எப்படிக் கோணலாக எடுத்தாலும் நன்றாக இருக்கிறது என்றுதான் சொல்வேன். ஆடிக்கு முன்னால் ஒரு நல்ல நாள் பார்த்துத் தாங்கள் ஓசூர் வந்து, அல்லது எங்களை அங்கே கூப்பிட்டு, அந்தத் தட்டை உள்ளேயிருந்து வெளியே கொண்டுவர வேண்டும் என்று என் மகளுக்காகக் கேட்டுக்கொள்கிறேன்.

தங்கள் பெரியம்மாவுக்கு என் நமஸ்காரம், அவர் கண்ணில் சாக்பீஸ் பொடி படாமல் இருந்திருக்க வேண்டும் என்பது என் கவலை. சரோஜம்மாள் அவர்களுக்கும் சுரேந்தருக்கும் எங்கள் மூவரின் அன்பு. ஆஞ்சப்பன் மேஸ்திரிக்கு என் மன்னிப்பை நேரில் சொன்னதாக வைத்துக்கொள்ளச் சொல்லவும்.

பணிவுடன்,
முனிரத்தினம்

பின்குறிப்பு: கவரை ஒட்டப்போகிற நேரத்தில் தங்கள் மகன் சுரேந்தர் பைக்கில் வந்தார். திண்ணமாகச் சொல்கிறேன், நான் கூப்பிடவில்லை. சரிதா மட்டும் டீ தயாராக வைத்திருந்தாள். சரோஜம்மாள் அவர்கள் இரண்டு வெள்ளிக்கிழமையாக வீடு கழுவுகிறாராம். “தண்ணி ஈசானியத்துக்குப் போவலீங்க. நேரா கன்னிமூலைக்குப் போயி அப்பா கட்டிலுக்கு அடியில நின்னுக்குது. அப்பா கதவச் சாத்திக்கினு அவரே சாக்குப் போட்டுத் தொடைக்கறாரு. இத்தன பேரு முன்னால வாஸ்துன்னு சொல்லியாச்சு, இப்ப போயி யாருகிட்ட சொல்றதுன்னு உக்காந்திருக்கறாரு” என்றார். உடனே அன்று அந்தத் தலை மேல் கேமராவை வைத்து எடுத்து ஹரீஷ்குமார் எனக்கு அனுப்பிய படத்தை எடுத்துப் பார்த்தேன். கிழக்குப் பார்த்த வீடு, நான் வாசலில் நின்று வீட்டைப் பார்த்து எடுக்க வைத்தது, ஆகவே படத்தில் வலது கை வடக்கு. வலப்பக்கம் இறங்கியிருக்க வேண்டும். இறங்கியிருப்பது இடப்பக்கம். வாட்டம் கரெக்ட், திசைதான் தலைகீழ். அன்றைக்கு எவ்வளவு என்று பார்த்தவன் எந்தப் பக்கம் என்று பார்க்கவில்லை, அதற்காக இன்னொரு மன்னிப்பு. மற்றபடி மேலே எழுதியதில் மேஸ்திரியைப் பற்றிய பகுதி முழுவதையும், தங்களிடம் கேட்ட மன்னிப்பில் பாதியையும் திருப்பி எடுத்துக்கொள்கிறேன். சிவப்புக் குறிக்கான பாதி அப்படியே இருக்கட்டும். இதை எழுதவே கூடாது, கல்யாணம் முடிகிற வரைக்கும் அவர் சாக்குப் போட்டுத் துடைத்துக்கொள்ளட்டும் என்று சுகுணா சொன்னாள், நானும் சரி என்று பேனாவை மூடிவிட்டேன். ஆனால் சுரேந்தர் செருப்பை மாட்டிக்கொண்டே, “அப்பாகிட்ட நீங்களே சொல்லிடுங்க மாமா. உங்களுக்குத்தான் ஏற்கெனவே பழக்கம்” என்றார். இத்தனை நாளும் என்னை சார் என்றுதான் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். மாமா என்று ஒருமுறை காதில் விழுந்த பிறகு எனக்கு மறைத்துவைக்க மனம் வரவில்லை.