உன் அப்பா பேருந்து அல்லர்

என் அன்பும் அதிகாரமும் ஒருசேரச் செல்லுபடியாகும் ஒரே ஜீவனாகிய மருமகளுக்கு,

உன் தாய்மாமன் எழுதிக்கொள்வது. இவ்விடம் நானும் என் முழங்காலும் உன் அப்பாவும் உயிரோடு இருக்கிறோம். அவ்விடம் நீயும் மாப்பிள்ளையும் அதைவிடச் சற்று மேலான நிலையில் இருக்கக் கடவீர்களாக. போனிலேயே சொல்லியிருப்பேன். ஆனால் நான் வாயைத் திறந்தாலே "சுருக்கமா சொல்லுங்க மாமா" என்கிறாய். இது சுருங்குகிற சரக்கு இல்லை. ஆஸ்பத்திரியிலிருந்து உனக்கு ஒரு தாள் வரும். அப்பாவை முதியோர் இல்லத்தில் சேர்க்கச் சம்மதம் என்று நீ கையெழுத்துப் போட வேண்டுமாம். போடாதே. பேனாவைத் தொடாதே. பேனா இருக்கும் அறைப் பக்கமே போகாதே. ஏன் என்றால் நடந்தது இதுதான்.

உன் அம்மா போன துக்கம் ஆறுவதற்குள் உன் அப்பாவுக்கு இடது கையும் காலும் இழுத்துக்கொண்டன அல்லவா, பேச்சு மட்டும் போகவில்லை, அது எங்கள் தலைவிதி. அவரை நடக்கப் பழக்க ஒரு நெட்டைப் பெண் வருகிறாள். தங்கமான பெண், ஆனால் ஆங்கிலம்தான் பேசுவாள். வாழ்நாள் முழுக்க நம் ஊரில் பஸ் ஓட்டிவிட்டு இந்தச் சீமைக்கு வந்து சேர்ந்த உன் அப்பாவுக்குத் தெரிந்த ஆங்கிலமோ பிரேக், கிளட்ச், கியர். ஆகவே நடுவில் மொழிபெயர்க்க நான். சரக்குக் கிடங்கில் பெட்டிகளுக்குச் சீட்டு ஒட்டி ஒட்டியே ஆங்கிலத்தைக் கரைத்துக் குடித்தவன் நான் என்பதும், என் ஆங்கிலத்தைக் கேட்ட வெள்ளைக்காரர்கள் சிலர் தங்கள் தாய்மொழிமீதே சந்தேகம் கொண்டு வீடு திரும்பினார்கள் என்பதும் நீ அறிந்ததே.

அந்த மொழியில் ஒரு வியாதி இருக்கிறது, மருமகளே. ஒரு காரியத்தை எப்படிச் செய்வது என்று சொல்ல அவர்களுக்கு ஒரு பிராணியோ பொருளோ துணைக்கு வேண்டும். நாம் 'பொத்தென்று விழுந்தான்' என்றால் கேட்பவன் காதிலேயே ஆள் விழுந்துவிடுவான். அவர்களுக்கோ 'உருளைக்கிழங்கு மூட்டையைப் போல விழுந்தான்' என்று சொல்ல ஒரு மூட்டை உருளைக்கிழங்கு தேவை. தூங்குவதற்கு ஒரு மரக்கட்டை, தின்பதற்கு ஒரு குதிரை, பாடுபடுவதற்கு ஒரு நாய் என்று வாக்கியம் தோறும் ஒரு சந்தையையே ஓட்டிக்கொண்டு வருகிறார்கள். நம் வீட்டிலும் 'மாதிரி' உண்டு, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அதை எதற்கு வைத்திருக்கிறோம்? எருமை மாதிரி நிக்காத, பேய் மாதிரி முழிக்காத, குரங்கு மாதிரி தாவாத. திட்டுவதற்கென்று பத்திரமாக வைத்திருக்கிறோம். அங்கேதான் கோளாறு ஆரம்பித்தது.

முதல் நாள் அந்தப் பெண் நாரையைப் போலக் காலைத் தூக்கச் சொன்னாள். சொன்னேன்.

"என்னடா சொல்றா? என் காலப் பாத்து நாரைங்கிறாளா?"

"இல்ல மச்சான், அது மாதிரி தூக்கணுமாம்."

"நாரை மீன் புடிக்கத் தூக்குது. எனக்கு இங்க என்ன இருக்கு புடிக்கிறதுக்கு?"

அடுத்து, முட்டைகள்மேல் உட்காருவதைப் போல மெல்ல நாற்காலியில் உட்கார வேண்டுமாம். "கோழியாடா நான்?" என்று கட்டிலிலேயே உட்கார்ந்துவிட்டார். படுக்கையில் மரக்கட்டையைப் போல உருண்டு திரும்பச் சொன்னபோதுதான் அவர் முகம் செத்துப்போனது. "அந்தப் புள்ளகிட்ட சொல்லு, இந்தக் கட்டை வேகுறப்ப தானா திரும்பிக்கும்னு." அதை நான் மொழிபெயர்க்கவில்லை. 'கொஞ்சம் களைப்பாக இருக்கிறார்' என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு, ஜன்னல் பக்கம் போய்க் கொஞ்சநேரம் வெளியே பார்த்தேன். வெளியே பார்க்க ஒன்றும் இல்லை, ஒரு சுவர்தான்.

இப்படியே வாரங்கள் போயின. சாப்பிடுவது குறைந்தது. பக்கத்துக் கட்டில்காரர் ஒருநாள் வீட்டுக்குப் போனார், எதிர்க் கட்டில்காரர் ஒருநாள் ஒரேயடியாகப் போனார். இவர் மட்டும் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். பிறகு பெரிய டாக்டர் சோதனை வைத்தார். தாழ்வாரத்தில் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை யார் கையையும் பிடிக்காமல் நடந்தால் வீடு, இல்லையென்றால் இல்லம். நான் விடுவேனா? நாரையையும் கோழியையும் துரத்திவிட்டு அவர் காதில் சொன்னேன்: "மச்சான், பஸ் ஓட்டுற மாதிரி நட."

நிமிர்ந்தார் பார்! நான் மிகைப்படுத்துகிறவன் இல்லை என்பது உலகறிந்த விஷயம். அந்த நிமிர்வில் ஆஸ்பத்திரிக் கூரை அரையடி உயர்ந்தது. கிளட்சை மிதிப்பதுபோல இடது காலை மெல்ல ஊன்றினார். தண்ணீர்த் தள்ளுவண்டி குறுக்கே வந்தது, ஒதுங்கி வழிவிட்டார். நெட்டைப் பெண் கை தட்டினாள். முதல் கதவு வந்தது. நின்றார். உள்ளே எட்டிப் பார்த்தார். யாரும் வரவில்லை என்றதும் கிளம்பினார். அடுத்த கதவிலும் நின்றார். அதற்கடுத்த கதவிலும். ஒரு நர்ஸ் ஓடிவர, அவள் தாண்டிப் போகும்வரை காத்திருந்துவிட்டுக் கிளம்பினார். சோதனை நேரம் முடிந்தும் அந்தக் கோடிக்குப் போய்ச் சேரவே இல்லை.

டாக்டர் என்னிடம் திரும்பி, இவர் ஏன் நிற்கிறார் என்றார். மறைக்க என்ன இருக்கிறது? பேருந்தைப் போல நடக்கிறார் என்றேன், சுத்தமான ஆங்கிலத்தில். டாக்டர் கண்ணாடியைக் கழற்றினார். "தன்னைப் பேருந்து என்று நினைக்கிறாரா?" நினைக்கவில்லை ஐயா, போல, போல, என்று தலையில் அடித்துக்கொண்டேன். காலையிலிருந்து ராத்திரிவரை நாரை போல, கட்டை போல என்று பேசுகிற ஜனங்களுக்கு, நாம் ஒருமுறை 'போல' என்றதும் புரியாமல் போய்விட்டது பார்த்தாயா! எழுதிவிட்டார்: புத்தி தடுமாற்றம், தனியாக இருக்கத் தகுதியில்லை.

எனவே, கண்ணே, உடனே டாக்டருக்கு எழுது. உன் அப்பா பேருந்து அல்லர் என்று நீயே உறுதி கூறு. வீட்டைக் கூட்டிப் பெருக்கி வைத்திருக்கிறேன். மூன்றாம் மாடியாச்சே என்று யோசிக்காதே, தேவைப்பட்டால் முதுகில் சுமந்துகொண்டு ஏறுவேன். எங்கள் அக்கா வாழ்ந்த வீட்டுக்கு அவரைக் கொண்டுபோய்ச் சேர்க்காமல் என் கட்டை சாயாது.

உனக்கும் மாப்பிள்ளைக்கும் நோய்நொடி அண்டாமல், ஒருவரை ஒருவர் 'மாதிரி' போட்டுத் திட்டிக்கொள்ளாமல் நீடூழி வாழ வாழ்த்தும்,

மாமன்.

பி.கு.: ஒட்டுவதற்கு முன் படித்துக்காட்டச் சொன்னார் உன் அப்பா. முழுவதும் கேட்டார். பிறகு, "எல்லாத்தையும் அடிச்சிடு" என்றார்.

"எதுக்கு மச்சான்?"

"எனக்குக் கால் நல்லாத்தான்டா வந்துச்சு. அந்த டாக்டர் இல்லத்துக்குன்னு எழுதட்டும்னுதான் நின்னு நின்னு போனேன்."

"வீட்டுக்குப் போக வேணாமா?"

"மூணு மாடி ஏறிப் போயி, சாவிய நானே போட்டுத் தொறக்கணும்ல?"

அந்த வீட்டில் அவர் சாவி வைத்திருந்து நான் பார்த்ததே இல்லை. செருப்புச் சத்தம் கேட்டதுமே அக்கா கதவைத் திறந்துவிடுவாள்.

ஆகையால் மேலே எழுதியவை எல்லாம் ரத்து. கையெழுத்துப் போட்டுவிடு. போடும்போது ஒன்றை மட்டும் விசாரித்து எழுது: அங்கே ஓர் அறைக்கு எத்தனை கட்டில்? இரண்டு என்றால், அந்த இன்னொன்றை யாருக்கும் கொடுத்துவிட வேண்டாம் என்று சொல்லி வை. என் முழங்கால் ரொம்ப மோசம்.