பின்பக்க ஜன்னலைச் செங்கல் வைத்து அடைக்கக் கோரும் கடிதம்

கடித எண்: 19 / 2019
நாள்: 12 ஜூன் 2019, புதன்கிழமை
நேரம்: காலை 6 மணி 40 நிமிடம்

பெறுநர்: இணை இயக்குநர், சுகாதாரத் துறை (வீட்டு முகவரிக்கு. அலுவலக முகவரிக்கு வருவதைத் தாங்கள் படிப்பதில்லை என்பது கடித எண் 11 முதல் 18 வரையிலானவற்றால் மெய்ப்பிக்கப்பட்டுள்ளது.)

பொருள்: நல்வாழ்வு மையம் – பின்பக்க ஜன்னலை அடைத்தல் – செவிலியரிடம் விளக்கம் கோருதல் – கௌரவச் செயலாளர் பதவி விலகுதல் – தொடர்பாக.

பார்வை: 1. தங்கள் 3-6-2019 நாளிட்ட குறிப்பாணை. 2. அது வந்த நாள் முதல் தங்கள் அக்காவின் மௌனம்.

அன்புள்ள மைத்துனருக்கு,

உறவில் இளையவர் என்பதால் ஆசியும், பதவியில் பெரியவர் என்பதால் வணக்கமும் ஒருசேர அனுப்பியுள்ளேன். எது பொருந்துமோ அதை எடுத்துக்கொண்டு மற்றதைக் கோப்பில் வைக்கவும். இவ்விடம் நான் நலம். தங்கள் அக்கா நலமா என்பதை அவள் வாயால் சொன்னால்தான் உண்டு. அவள் என்னிடம் பேசி இன்றோடு ஒன்பது நாள் ஆகிறது. பேசுவதில்லை என்றால் வாயையே திறப்பதில்லை என்று பொருளல்ல. நேற்றுக் காலை 7.15க்குக் குளிர்பதனப் பெட்டியைப் பார்த்து, "இந்த வீட்டுல சில பேருக்கு காபி ஆறிப்போச்சு. எனக்கென்ன வந்துச்சு" என்றாள். பெட்டி பதில் சொல்லாததால் நானே எழுந்து போய்க் குடிக்க வேண்டியதாயிற்று.

நிற்க. சந்தைக் கிடங்குகளுக்கும் பேருந்துப் பணிமனைக்கும் இடையில் உள்ள நமது நல்வாழ்வு மையத்தைத் தாங்கள் வரைபடத்தில் பார்த்திருப்பீர்கள். இரண்டு அறைகள், ஒரு செவிலியர், வாரத்தில் மூன்று நாள் ஒரு மருத்துவர். மூட்டை தூக்குவோர், அலுவலகங்களைப் பெருக்குவோர், கட்டடம் கட்டும் இடத்திலேயே படுத்துறங்குவோர் என வேறு போக்கிடம் இல்லாதவர்கள் வரும் இடம். பெரிய மருத்துவமனைக்குப் போவதானால் பதினொரு கிலோமீட்டர், இரண்டு பேருந்து, ஒரு நாள் வேலை போய்விடும். ஆகவே இம்மையத்தைத் தாங்கிப் பிடிக்க நம் பகுதியினர் 9-2-2019 சனிக்கிழமை ஓர் ஆதரவுக் குழு அமைத்து, என்னைக் கௌரவச் செயலாளர் ஆக்கினர். ஒருவர் நாற்காலி கொடுத்தார். ஒருவர் மின்விசிறி கொடுத்தார். ஒருவர் எடை பார்க்கும் கருவி கொடுத்தார். பிறப்பு இறப்புப் பதிவு அலுவலகத்தில் முப்பத்து நான்கு ஆண்டு, ஏழு மாதம், பதினொரு நாள் பணியாற்றிய நான் அங்கு இல்லாத ஒன்றைக் கொடுத்தேன். ஒழுங்கைக் கொடுத்தேன்.

அதுவரை அந்தச் செவிலியர் நோயாளிகளை எப்படிக் கணக்கெடுத்தார் தெரியுமா? பழைய நாட்காட்டித் தாளின் பின்புறத்தில் கோடு போட்டு! ஒரு நாளைக்கு ஐம்பத்தெட்டு கோடு, அறுபது கோடு. கோட்டுக்குப் பெயர் உண்டா, முகவரி உண்டா, பிறந்த தேதி உண்டா? நான் பதினான்கு கேள்விகள் கொண்ட ஒரு படிவமும், அட்டை போட்ட பதிவேடும், ஒரு மேசை மணியும் ஏற்பாடு செய்தேன். "இப்பதிவேடு ஒன்றே செல்லும், செயலாளர் கையொப்பம் இல்லாத எதுவும் செல்லாது" என்று தாங்களே 26-2-2019இல் ஒப்புதல் அளித்தீர்கள். மார்ச் 4, திங்கட்கிழமை முதல் தினமும் காலை எட்டு முதல் பன்னிரண்டு வரை முன்வாசலில் மேசை போட்டு உட்கார்ந்தேன். மனிதன் உட்காரக்கூடிய இடமா அது! முதல் நாளே ஒரு மூட்டை தூக்கும் தொழிலாளி, காலில் புண்ணோடு நொண்டிக்கொண்டு வந்தார். நான் மிக மரியாதையாக, "பிறந்த தேதி?" என்று கேட்டேன்.

"அன்னிக்கு நான் ரொம்பச் சின்னப் பையன் சார். தேதியெல்லாம் பாக்கல."

வரிசை முழுக்கச் சிரிக்கிறது. நான் சிரிக்கவில்லை. "வீட்டில் பெரியவர்களைக் கேட்டு வாரும்" என்றேன். மூன்று நாள் கழித்து வந்தார். "அம்மாவ கேட்டுட்டேன் சார். அன்னிக்கு நல்ல மழையாம், கூரை ஒழுகிச்சாம். மழைன்னு போட்டுக்குங்க." மழைக்கு என் படிவத்தில் கட்டம் இல்லை. சான்று கொண்டுவரச் சொல்லித் திருப்பி அனுப்பினேன். மார்ச் 12இல் மூன்றாம் முறையாக வந்து, "சார், காலப் பாத்து நீங்களே ஒரு வயசு சொல்லுங்க" என்றார். அனுப்பிவிட்டேன். அலுவலகம் பெருக்கும் ஓர் அம்மாளிடம் நிரந்தர முகவரி கேட்டதற்கு, "காலையில ஒரு ஆபீஸ், மத்தியானம் ஒரு ஆபீஸ், ராத்திரிக்கு அண்ணன் வீட்டு வராண்டா. அண்ணி விரட்டாத வரைக்கும் அதுதான் நிரந்தரம். எத எழுதுறீங்க?" என்று என்னையே திருப்பிக் கேட்கிறார்! இத்தனைக்கும் இடையில் எனக்குத் "தேதித் தாத்தா" என்று பட்டம் வேறு. நான் யாருக்கும் தாத்தா இல்லை என்பது தங்களுக்குத் தெரியும்.

கழுதை தேய்ந்து கட்டெறும்பு ஆனதைப் போல வருவோர் தொகை தேய்ந்தது. ஊரில் நோய் குறைந்துவிட்டது என்று மகிழ்ந்து கடித எண் 12 எழுதினேன். ஆனால் மருந்து மட்டும் குறையவில்லை. பதினொரு பேர் வரும் இடத்தில் அறுபது பேருக்கான மாத்திரையும் கட்டுத்துணியும் தீர்கின்றன. எலி என்று முடிவு செய்து எலிப்பொறி ஒன்று வாங்கி வைத்தேன். செவிலியர் அதைப் பார்த்து, "நல்ல யோசனை ஐயா, ஆனா நம்ம எலிங்க காய்ச்சல் மாத்திரை மட்டும்தான் தின்னும்" என்றார். அப்போது அதை நான் தகவலாக எடுத்துக்கொண்டேன்.

இந்நிலையில்தான் தங்கள் குறிப்பாணை. மார்ச் 4 முதல் மே 31 வரை 77 வேலை நாளில் வந்தோர் 847, சராசரி பதினொன்று, நாற்பதுக்குக் குறைந்ததால் ஜூன் 30ஆம் தேதியுடன் மையம் மூடப்படும், ஆட்சேபணை இருந்தால் 14ஆம் தேதிக்குள் தெரிவிக்கவும். வகுத்தல் சரி. அதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. இதைத் தங்கள் அக்காவிடம் படித்துக் காட்டி, "பார், ஓர் எண்கூடப் பிசகவில்லை" என்றேன். அன்றுதான் பேச்சு நின்றது. நான் செய்த குற்றம் என்ன மாப்பிள்ளை? வராதவனை வந்ததாக எழுதவா முடியும்? பதிவேட்டில் இல்லாதவன் உலகத்திலேயே இல்லை என்பதுதானே நான் முப்பத்து நான்கு வருஷம் சோறு தின்ற தொழில்?

நேற்றுதான் பூனைக்குட்டி வெளியே வந்தது. குடையை மறந்து வைத்துவிட்டேன். மாலை 4 மணி 20 நிமிடத்துக்கு எடுக்கப் போனால் முன்வாசல் பூட்டு. பின்பக்கம் சுற்றிப் போகிறேன், தண்ணீர்த் தொட்டியைச் சுற்றி ஐம்பது பேருக்குக் குறையாமல் வரிசை. தண்ணீருக்கு நிற்கிறார்கள் என்று நினைத்து முன்னால் போனேன். ஒருவன், "பெரியவரே, வரிசையில வாங்க, ஒழுங்குன்னு ஒண்ணு இருக்கில்ல?" என்கிறான். என்னிடம்! அதற்குள் யாரோ, "ஏய், தேதித் தாத்தா டோய்!" என்று கத்த, அத்தனை பேரும் சட்டென்று தொட்டிப் பக்கம் திரும்பித் தண்ணீருக்கு நிற்பதைப் போல நின்றார்கள். ஒருத்தர் கையிலும் குடம் இல்லை. ஒருவர் செருப்பை நீட்டிக்கொண்டு நிற்கிறார்.

வரிசையின் முனையில் மையத்தின் பின்பக்க ஜன்னல். உள்ளே செவிலியர். பக்கத்தில் திரைக்குப் பின்னால் யாரோ நோட்டுப் புத்தகத்தில் எழுதும் கை மட்டும் தெரிகிறது. வருகிறவரிடம் பதினான்கு கேள்வி இல்லை. ஒரே கேள்வி. "என்ன பண்ணுது?" அவ்வளவுதான். நான் கம்பியைத் தட்டி, "இது என்ன?" என்றேன்.

"ஜன்னல் ஐயா."

"இதற்கு அனுமதி கொடுத்தது யார்?"

"காத்து வரணும்னு கட்டினவங்க."

"பதிவு இல்லாதவர்களுக்கு எப்படி மருந்து கொடுக்கலாம்?"

"காய்ச்சல் பதிவேட்டுக்கா ஐயா வருது? நீங்க தேதி கேட்டு, முகவரி கேட்டு, ரேகை வேற வைக்கச் சொல்றீங்க. எங்கயோ புடிச்சுக் குடுக்கப் போறாருன்னு முன்வாசல் பக்கமே வர மாட்டேங்குறாங்க. மருந்துன்னு வந்தவங்கள நான் எப்படித் திருப்பி அனுப்புறது?"

நான் பதிலுக்கு வாயெடுப்பதற்குள் திரைக்குப் பின்னால் இருந்த அந்தக் கை நோட்டின் பக்கத்தைத் திருப்பியது. கையில் வளையல். 9-9-1974 திங்கட்கிழமை நான் வாங்கிக் கொடுத்த வளையல். மூட்டுவலிக்கு நடை நல்லது என்று தினமும் நாலு மணிக்குக் கிளம்பி ஆறு மணிக்கு வருகிறாளே உன் அக்கா, அவள் நடக்கவே இல்லை மாப்பிள்ளை! மூன்று மாதமாக உட்கார்ந்து எழுதுகிறாள்! முன்பக்கம் நான், பின்பக்கம் அவள்! வீட்டில் ஒரே கூரை, வெளியே இரண்டு அலுவலகம்! குடையை எடுக்காமலே திரும்பிவிட்டேன்.

ஆகவே தங்களைக் கேட்டுக்கொள்வது: அந்தப் பின்பக்க ஜன்னலைச் செங்கல் வைத்து உடனே அடைக்க வேண்டும். செவிலியரிடம் எழுத்துமூலம் விளக்கம் பெற வேண்டும். தங்கள் அக்காவுக்கு உடன்பிறந்தவர் என்ற முறையில் தாங்கள் நாலு வார்த்தை எடுத்துச் சொல்ல வேண்டும் (தொலைபேசியில் வேண்டாம், துண்டித்துவிடுவாள்). விதி விதிதான், மையம் மூடப்படுவதற்கு என் பதிவேட்டின்படி ஆட்சேபணை ஏதும் இல்லை. என் பதவி விலகல் கடிதத்தை ஏற்றுக்கொள்ள வேண்டும்.

தங்கள் துணைவியாருக்கும் குழந்தைகளுக்கும் என் ஆசிகள். எல்லாரும் நீண்ட ஆயுளோடும் நிறைந்த சான்றிதழ்களோடும் வாழ்க.

இப்படிக்கு,
தங்கள் அக்காவின் கணவர்,
கௌரவச் செயலாளர் (இன்று நண்பகல் வரை)

பின்குறிப்பு (அதே நாள், மாலை 5 மணி 10 நிமிடம்):

உறையை ஒட்டப் பசை தேடிப் போன நேரத்தில் உன் அக்கா மேற்படி கடிதத்தைப் படித்துவிட்டாள். ஒன்பது நாளுக்குப் பிறகு நேராக என்னைப் பார்த்து முதல் வார்த்தை பேசினாள்.

"உங்க பொறந்த தேதி என்ன?"

"1946, ஜூன் 1."

"அது யாரு போட்டது?"

அவளுக்குத் தெரியும். பள்ளியில் சேர்க்க என் அப்பா அழைத்துப்போனபோது தேதி தெரியவில்லை. வாத்தியார் என்னைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார், 'ஜூன் 1' என்று எழுதினார், உள்ளே போய் உட்காரச் சொன்னார். கல்யாணமான புதிதில் நானே சிரித்துக்கொண்டு அவளிடம் சொன்னதுதான்.

"அந்த வாத்தியாரு உங்கள மாதிரி ஆளா இருந்திருந்தா, இன்னிக்கு நீங்க மேசைக்கு அந்தப் பக்கம் நின்னிருப்பீங்க. கால்ல புண்ணோட."

காபி சூடாக இருந்தது. குடிக்க முடியவில்லை.

எட்டு மணிக்கு மையத்துக்குப் போய் அவள் எழுதிய நான்கு நோட்டுகளையும் வாங்கிப் படித்தேன். மார்ச் 4 மாலையே தொடங்குகிறது. எழுத்து முத்து முத்தாக, ஒரு தேதி பிசகவில்லை. நான் மூன்று முறை திருப்பி அனுப்பிய அந்தத் தொழிலாளிக்கு முப்பத்தொரு நாள் கட்டு மாற்றியிருக்கிறார்கள். "இன்னும் ரெண்டு நாள் விட்டிருந்தா கட்டைவிரல எடுத்திருப்பாங்க ஐயா" என்றார் செவிலியர், என்னைப் பார்க்காமல். இத்தனையும் இருந்தும் ஏன் துறைக்கு அனுப்பவில்லை என்று கேட்டேன். "உங்க கையெழுத்து இல்லாம எதுவும் செல்லாதே. கேட்டா என் வேலைக்கே உலை வெச்சிருப்பீங்களே" என்றார். இக்கடிதத்தின் மேற்பகுதியே அதற்குச் சாட்சி.

மே 31 வரை ஜன்னலில் வந்தோர் 4,081. இரு முறை கூட்டினேன். 77 நாளுக்குச் சராசரி ஐம்பத்து மூன்று. முன்வாசல் பதினொன்றையும் சேர்த்து அறுபத்து நான்கு. 384 பக்கங்களிலும் செயலாளராகக் கையொப்பமிட்டுள்ளேன். 211ஆம் பக்கத்திலிருந்து கையொப்பம் சாய்ந்திருப்பது கை வலியால். ஐயுற வேண்டாம்.

ஆகவே மேலே கண்ட அனைத்தும் ரத்து. ஜன்னலுக்குச் செங்கல் வேண்டாம், வெயிலுக்கு ஒரு தகரக் கூரை வேண்டும். விளக்கம் கேட்கப்பட வேண்டியவர் செவிலியர் அல்லர், நான். மையத்தை மூட ஆட்சேபணை உண்டு, கடுமையாக உண்டு. இதையே 14ஆம் தேதிக்குள் அளித்த ஆட்சேபணையாகக் கொள்ளவும். நாளை முதல் என் மேசை பின்பக்கம் போடப்படும், உன் அக்காவின் இடப்புறம். அவள் எழுதுவாள், நான் கையொப்பமிடுவேன். மணி அடிக்கக் கூடாது என்று உத்தரவு.

நோட்டை மூடி எழுந்தபோது கொஞ்சம் தலை சுற்றியது. வரிசையில் நிற்கச் சொன்னார்கள், நின்றேன். கம்பிக்கு உள்ளிருந்து உன் அக்கா, முன்பின் தெரியாதவனைக் கேட்பதைப் போல, "என்ன பண்ணுது?" என்று கேட்டாள். எழுபத்து மூன்று வருஷத்தில் இவ்வளவு எளிதான கேள்வியை என்னிடம் யாரும் கேட்டதில்லை.

இணைப்புகள்:

1. முன்வாசல் பதிவேடு – ஒன்று.
2. பின்பக்க ஜன்னல் நோட்டுகள் – நான்கு. (படித்த பின் திருப்பி அனுப்பவும். வெள்ளிக்கிழமை கட்டு மாற்ற வேண்டியவர்கள் இதில் உள்ளனர்.)
3. பதினான்கு கேள்விப் படிவம் – ஒன்று. பதின்மூன்று கேள்விகள் என் கையால் கோடு போட்டு அடித்து நீக்கப்பட்டவை.
4. பதவி விலகல் கடிதம் – ஒன்று, இரண்டு துண்டுகளாக.
5. கீழே கையொப்பமிட்டவரின் ரத்த அழுத்தச் சீட்டு – ஒன்று. பெயர்: தேதித் தாத்தா. பிறந்த தேதி: தெரியாது.