எட்டுக்கால் பூச்சிக்குப் பங்காளி

அத்த வுடு பிலோமினா, ஒன் மருமவ நண்டப் பாத்துக் கத்துனா கத்திட்டுப் போறா. நானு நண்ட வெச்சே என் கல்யாணத்த கெடுத்துக்கப் பாத்தவ. எறாவ உரிச்சிகினே கேளு.

வெள்ளக்காரன் கெளம்பிப் போன புச்சு அது. எங்க நைனாவுக்கு கட்டுமரம். ஈஸ்டருக்கு முந்தி தபசு காலம் வந்துட்டா ராயபுரத்துல எங்க தெருவுக்கே அவருதான் போலீசு. வெள்ளிக்கெயம கறி ஆவாது, மீனு ஆவும்னு சட்டம். எதுத்த வூட்டு அந்தோணி முட்ட துன்னான்னு நடுத்தெருவுல நிக்கவெச்சி கேள்வி கேட்டாரு, பாத்துக்கோ.

என்னப் பொண்ணு பாக்க வந்ததும் அப்பிடி ஒரு வெள்ளிக்கெயமதான். (தபசுல எவனாச்சும் பொண்ணு பாப்பானா? அவுங்கம்மாவுக்கு அவ்ளோ அவசரம்.) மாப்ளைக்கு காலேஜுல வேல. பாட்டில்ல பாம்பு, பல்லியெல்லாம் ஊறப்போட்டு வெச்சிருப்பானுங்களே, அந்த ரூமத் தொடைக்கிற வேல. முன்னாடி வந்தவங்கல்லாம் பொண்ணுக்கு வாயி ஜாஸ்தின்னு எய்ந்து போய்ட்டாங்கோ. அதனால எங்கம்மா, "இந்த வாட்டி வாயத் தொறந்த, ஒன்ன கட்டிக்க எவனும் வரமாட்டான்"னு சத்தியம் வாங்கிகினா.

சோறு போட்டாச்சு. எறா தொக்கு, நண்டுக் கொயம்பு, கடம்பா வறுவலு (கணவாய்னு சொல்வாங்களே, அது). நைனா மூணாவது வாட்டி எறா அள்ளிப் போட்டுக்கறாரு. மாப்ள எலயப் பாத்துட்டு மெதுவா, "மாமா, இதுல ஒண்ணுகூட மீனு இல்லியே" ன்னாரு.

"அப்பால இன்னாவாம்?"

"எறா கரப்பானுக்கு ஒறவு. கடம்பா நத்தைக்குத் தங்கச்சி. நண்டு எட்டுக்கால் பூச்சிக்குப் பங்காளி. முதுவுல எலும்பு கீதா, கால்ல கணு கீதான்னு பாத்துதான் கூட்டம் பிரிப்பாங்கோ."

"தண்ணில கீதுல்ல? அப்போ மீனுதான்."

"நீங்ககூட டெய்லி தண்ணிலதான் கீறீங்க, மாமா."

நைனா கைல இருந்த எறா எலைக்கே போயிடுச்சி. தெருவுக்கே தீர்ப்பு சொன்ன மனுசன், வருசக்கணக்கா தபசுல கரப்பான் சொந்தக்காரனத் துன்னுகீறாரு. மூஞ்சி சுண்ணாம்பு மாதிரி ஆயிடுச்சி.

எனக்குப் பத்திகிச்சி. வாயத் தொறக்கக் கூடாதுன்னுதான சத்தியம்? தொறக்கல. அண்டாலேந்து உசுரு நண்டு ஒண்ண எடுத்தாந்து மாப்ள மூஞ்சிக்கு நேரா நீட்டி, கால எண்ணுன்னு கண்ணாலயே சொன்னேன். (இன்னா தெகிரியம் பாரு.) எட்டுக்கால் பூச்சிக்கு எட்டு. நண்டுக்கு எவ்ளோ?

மனுசன் வெரல வெச்சி ஒண்ணொண்ணா எண்ணுறாரு. எண்ணிகினே கொடுக்குகிட்ட வந்தாரு.

அவ்ளோதான். தண்ணி சொம்பு ஒரு பக்கம், சோத்துப்பான ஒரு பக்கம். வெரல்ல நண்டு தொங்குது, மாப்ள குதிக்கறாரு, அவுங்கம்மா மார்ல அடிச்சிக்கறா. எங்க நைனா அவுரு தோளப் புடிச்சி உலுக்கி, "தம்பி, எட்டா பத்தா? அத்த சொல்லிட்டுக் கத்து" ன்றாரு.

"பத்து மாமா. கொடுக்கும் கால்தான். ஆனாலும் பங்காளிதான்."

அவுங்கம்மா முந்தானிய ஒதறிகினு எய்ந்துட்டா. "மாப்ள கைல நண்ட வுடறவ நாளிக்கு இன்னாத்த வுடுவாளோ. வாடா போலாம்." எங்கம்மா என்னப் பாத்தா பாரு, அந்தப் பார்வைக்கு நண்டே தேவல.

மாப்ள வெரல வாயில வெச்சிகினு குந்தியே கீறாரு. "ம்மா, குந்து. போன வூட்டுலயும் இதத்தான் சொன்னேன். அல்லாரும் தலைய ஆட்டுனாங்கோ. இவதான் எண்ணிப்பாருன்னா."

நைனா கைகூட கய்வாம கோயிலுக்கு ஓடி, சாமியாராண்ட செஞ்ச பாவத்தச் சொல்லி பாவசங்கீர்த்தனம் பண்ணாரு. சாமியாரு, "நானும் இன்னிக்கு எறாதான் துன்னேன், போய்யா"ன்னு அனுப்பிட்டாரு. ஆனாலும் நைனா சாவுற வரிக்கும் தபசுல எறாவத் தொடல. முட்ட துன்ன அந்தோணி டெய்லி வாசல்ல நின்னு, "மாமே, கரப்பான் கொயம்பு ரெடியா?" ன்னு கேப்பான். இன்னிக்கும் எம் பேரனுங்க தட்டப் போட்டா மொதல்ல, "ஆயா, மீனா பங்காளியா?" ன்றானுங்க.

இன்னாடி சத்தம் அது? அய்யய்யோ, அண்டாலேந்து ஒண்ணு எறங்கிடுச்சி. எங்க போவுது பாரு, நேரா அன்னிக்கி கடி வாங்குன அந்தாளு தூங்குற கட்டிலாண்ட. தொடப்பத்த எடு, தொடப்பத்த எடு.